இங்கிலீஷ் டெஸ்டுக்கு உங்கள் கம்ப்யூட்டர் ரெடியா?

"தம்பி, உன் வீட்டு கம்ப்யூட்டர்லதான் பாப்பா பரீட்சை எழுதப் போறா. கொஞ்சம் பார்த்துக்கோ" என்று 2023ல் அக்கா போனில் சொன்னபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. எங்கள் குடும்பத்தில் யார் வீட்டில் பிரிண்டர் மக்கர் செய்தாலும், யார் பாஸ்வேர்டை மறந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கும்பகோணத்தில் என் அறையில் இரண்டு மானிட்டர், நல்ல ஹெட்போன், வேகமான பைபர் இணைப்பு, யு.பி.எஸ். எல்லாம் இருக்கின்றன. அக்கா மகளுக்கு அயர்லாந்தில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்திருந்தது. ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்ணைக் குறிப்பிட்ட தேதிக்குள் அனுப்பினால்தான் அந்த இடம் உறுதி. பேங்க் லோனும் அதை நம்பித்தான் நின்றது. வீட்டிலிருந்தே எழுதக்கூடிய ஒரு தேர்வுக்குப் பணம் கட்டினோம். பதினைந்தாயிரத்திற்கும் மேல். அக்கா தையல் மிஷினில் உட்கார்ந்து சம்பாதித்த பணம்.

அந்தத் தேர்வு 20 நிமிடத்தில் முடிந்துபோனது. அவள் எழுதி முடித்ததால் அல்ல. என் கம்ப்யூட்டரால்.

என்ன நடந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். வெளிநாட்டில் படிக்க நினைக்கும் பிள்ளைகள் கிராமர் புத்தகம் வாங்குகிறார்கள், கோச்சிங் சேருகிறார்கள், தினமும் ஆங்கிலப் பேப்பர் படிக்கிறார்கள். எல்லாம் சரி. ஆனால் இன்று இந்தத் தேர்வுகளில் பெரும்பாலானவை கம்ப்யூட்டரில் நடக்கின்றன. உங்கள் ஆங்கிலத்தோடு சேர்த்து, நீங்கள் டைப் செய்யும் வேகத்தையும் மைக்கில் பேசும் பழக்கத்தையும் அவை மறைமுகமாக அளக்கின்றன. ஆங்கிலம் வருடக்கணக்கில் வளர்வது. டைப்பிங்கையும் மைக்கையும் வீட்டிலேயே சில வாரங்களில் சரிசெய்துவிடலாம்.

பென்சிலில் இருந்து கீ-போர்டுக்கு

டோஃபல் தேர்வு 1964ல் தொடங்கியது. அமெரிக்காவின் நியூஜெர்சியில் உள்ள இ.டி.எஸ். நிறுவனம் நடத்துவது. பல வருடங்கள் அது பேப்பர், பென்சில் தேர்வாகவே இருந்தது. 1998ல்தான் கம்ப்யூட்டருக்கு மாறத் தொடங்கியது. அப்போது கட்டுரைப் பகுதிக்கு மட்டும் ஒரு சலுகை கொடுத்தார்கள். விரும்பினால் டைப் செய்யலாம், இல்லையென்றால் கையால் பேப்பரில் எழுதித் தரலாம். 2001ல் என்னுடன் அறையில் தங்கியிருந்த நண்பன் ஒருவன் சென்னையில் இந்தத் தேர்வை எழுதினான். அவனுக்கு மவுஸ் பிடிக்கவே அப்போதுதான் பழக்கம். கட்டுரையைக் கையால் எழுதிவிட்டு நிம்மதியாக வந்தான்.

2005ல் இன்டர்நெட் வழி டோஃபல், அதாவது ஐ.பி.டி. வந்தபோது அந்தச் சலுகை போய்விட்டது. எல்லோரும் டைப் செய்தாக வேண்டும். அதோடு பேச்சுப் பகுதியும் சேர்ந்தது. அதுவும் எதிரில் ஆள் இல்லாமல், மைக்கைப் பார்த்துப் பேச வேண்டும். 2009ல் பியர்சன் நிறுவனம் கொண்டுவந்த பி.டி.இ. அகாடமிக் தேர்வு ஆரம்பத்திலிருந்தே முழுக்க கம்ப்யூட்டர் தேர்வு. வீட்டிலிருந்தே ஒரு மணி நேரத்தில் எழுதும் டூயோலிங்கோ தேர்வு அதற்குப் பிறகு வந்தது. 2020ல் கொரோனாவால் தேர்வு மையங்கள் மூடப்பட்டபோதுதான் அது நம் ஊர் வரை பிரபலமானது. டோஃபலும் அதே ஆண்டில் வீட்டில் எழுதும் முறையைத் தொடங்கியது.

ஐ.இ.எல்.டி.எஸ். மட்டும் ஒரு விஷயத்தில் பழைய வழியை விடவில்லை. 2018ல் இருந்து நம் நாட்டில் கம்ப்யூட்டரிலும் எழுதலாம் என்றாலும், பேச்சுத் தேர்வை இன்றும் ஒரு மனிதர்தான் நடத்துகிறார். நேரிலோ வீடியோ காலிலோ 11 முதல் 14 நிமிடம் வரை அவரோடு பேச வேண்டும். மைக்கைப் பார்த்தால் வாய் அடைத்துப் போகும் பிள்ளைகளுக்கு இது ஒரு நல்ல வழி. புது ஆளைப் பார்த்தால் கூச்சப்படும் பிள்ளைக்கு மைக்கே மேல். எந்தத் தேர்வு சுலபம் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: உங்கள் பிள்ளை எதைப் பார்த்துப் பயப்படுகிறான் என்று முதலில் பாருங்கள்.

வயிற்றில் புளியைக் கரைத்த ஒரு கணக்கு

டைப்பிங் பற்றிச் சொல்கிறேன். அக்கா மகள் செல்போனில் இரண்டு கட்டை விரல்களால் டைப் செய்யும் வேகத்தைப் பார்த்தால் கண் சுற்றும். அதனால் டைப்பிங் பற்றி நாங்கள் யாரும் கவலைப்படவில்லை. ஒரு நாள் சும்மா கீ-போர்டில் உட்காரவைத்து, கடிகாரம் பார்த்து ஒரு பத்தியை அடிக்கச் சொன்னேன். நிமிடத்திற்கு 14 வார்த்தை. அதிலும் ஏழெட்டு எழுத்துப் பிழை.

இப்போது கணக்குப் போடுங்கள். ஐ.இ.எல்.டி.எஸ். எழுத்துப் பகுதிக்கு மொத்தம் 60 நிமிடம். அதில் இரண்டாவது கட்டுரை குறைந்தது 250 வார்த்தை. அதற்குத்தான் மதிப்பெண் இரண்டு மடங்கு என்பதால் 40 நிமிடம் ஒதுக்குவார்கள். நிமிடத்திற்கு 14 வார்த்தை என்றால் விரல் வேலைக்கே 18 நிமிடம் போய்விடும். யோசிக்க, திருத்த மீதி 22 நிமிடம். பரவாயில்லை, சமாளிக்கலாம். ஆனால் பி.டி.இ.யில் 200 முதல் 300 வார்த்தைக் கட்டுரைக்கு மொத்தமே 20 நிமிடம்தான். 200 வார்த்தையை அடிக்கவே 14 நிமிடத்திற்கு மேல் ஆகும். தலைப்பைப் படித்து, யோசித்து, எழுதியதைத் திருத்த மிஞ்சுவது ஐந்தாறு நிமிடம். டோஃபலில் வகுப்பறை விவாதம் போன்ற ஒரு கேள்விக்கு 10 நிமிடத்தில் 100 வார்த்தை எழுத வேண்டும். அதில் 7 நிமிடம் விரலுக்கே. இந்தப் பிள்ளைக்கு ஆங்கிலம் தெரியாது என்று யாராவது சொன்னால் அது உண்மையில்லை. விரல் ஓடவில்லை, அவ்வளவுதான்.

இதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அக்கா, "நகரு பாப்பா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அக்கா 90களில் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்து டைப்ரைட்டிங் இங்கிலீஷ் ஹையர் பாஸ் செய்தவள். நம் மாநில அரசுத் தேர்வில் லோயருக்கு நிமிடத்திற்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45 வார்த்தை வேகம் வேண்டும். இருபது வருடமாக டைப்ரைட்டரைத் தொடாத விரல்கள். கீ-போர்டைப் பார்க்காமல் 38 வார்த்தை அடித்தாள். வரி முடிந்ததும் இல்லாத கேரேஜைத் தள்ளக் கை போனதுதான் வேடிக்கை. அன்றிலிருந்து தினமும் அரை மணி நேரம் மகளுக்கு அம்மாதான் வாத்தியார். 'ஏ எஸ் டி எப்' முதல் பாடத்தில் இருந்து ஆரம்பித்தார்கள். ஐந்து வாரத்தில் 27 வார்த்தை வந்தது. 250 வார்த்தைக் கட்டுரைக்கு விரல் வேலை 18 நிமிடத்தில் இருந்து சுமார் ஒன்பதேகால் நிமிடமாகக் குறைந்தது.

உங்கள் வீட்டில் ஹையர் பாஸ் செய்த அம்மா இல்லாவிட்டாலும், டைப்பிங் கற்றுத்தர இலவச வெப் சைட்டுகள் நிறைய உள்ளன. தமிழ்99 கீ-போர்டில் பழகியவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. விரல் அதற்கே போகும். தேர்வுக்கு ஒரு மாதம் முன்பிருந்து ஆங்கில கீ-போர்டிலும் தினமும் பழகுங்கள்.

சிவப்புக் கோட்டை மறந்துவிடுங்கள்

வேர்டில் தவறாக அடித்தால் கீழே சிவப்புக் கோடு வரும். பல தவறுகளை அதுவே திருத்திவிடும். இந்தத் தேர்வுகளில் அந்த வசதி கிடையாது. 'ரிசீவ்' என்ற வார்த்தையில் 'இ' முதலா 'ஐ' முதலா என்பதை உங்கள் தலைதான் முடிவு செய்ய வேண்டும். எனவே வீட்டில் பயிற்சி செய்யும்போதே சிவப்புக் கோட்டை அணைத்துவிடுங்கள். வேர்டில் பைல், ஆப்ஷன்ஸ், புரூபிங் என்று போய் 'செக் ஸ்பெல்லிங் அஸ் யூ டைப்' என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். அங்கேயே ஆட்டோகரெக்ட் பட்டனைக் கிளிக் செய்து தானாகத் திருத்துவதையும் நிறுத்தலாம்.

முன்பெல்லாம் இதற்கு நோட்பேடைத் திறந்தால் போதும் என்று சொல்வோம். விண்டோஸ் 11ல் அதுவும் போச்சு. 2024ல் இருந்து நோட்பேடிலும் ஸ்பெல்லிங் பார்க்கும் வசதியைச் சேர்த்துவிட்டார்கள். அதன் செட்டிங்ஸில் போய் அணைக்க வேண்டும்.

முதல் நாள் அக்கா மகள் சிவப்புக் கோடு இல்லாமல் ஒரு கட்டுரை எழுதினாள். எழுதி முடித்ததும் அதை வேர்டில் பேஸ்ட் செய்து கோட்டை மறுபடி போட்டோம். 19 சிவப்புக் கோடுகள்! "மாமா, இதெல்லாம் எனக்குத் தெரிஞ்ச வார்த்தைதான் மாமா" என்றாள். தெரிந்த வார்த்தைதான். கம்ப்யூட்டர் திருத்தித் தந்தே பழகிவிட்டதால் கை மறந்துவிட்டது. அந்த 19 வார்த்தைகளையும் ஒரு நோட்டில் எழுதச் சொன்னேன். கடைசியில் அந்த நோட்டு நான்கு பக்கம்கூட வரவில்லை. நாம் செய்யும் தவறுகள் எண்ணிக்கையில் குறைவு, அவற்றையே திரும்பத் திரும்பச் செய்கிறோம்.

கம்ப்யூட்டரில் ஐ.இ.எல்.டி.எஸ். எழுதுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கேட்டல் பகுதியில் பேப்பரில் எழுதினால் விடைகளை விடைத்தாளுக்கு மாற்றி எழுதக் கடைசியில் 10 நிமிடம் உண்டு. கம்ப்யூட்டரில் கேட்கும்போதே அடித்துவிட வேண்டும் என்பதால் சரிபார்க்க 2 நிமிடம்தான். படித்தல் பகுதியில் பென்சிலால் அடிக்கோடு போட முடியாது. அதற்குப் பதிலாக வரியை மவுஸால் செலக்ட் செய்து ரைட் கிளிக் செய்தால் ஹைலைட் செய்யலாம், குறிப்பும் எழுதலாம். இதைத் தேர்வு நாளில் போய்க் கண்டுபிடிக்காதீர்கள். ஐ.இ.எல்.டி.எஸ்., டோஃபல், டூயோலிங்கோ மூன்றுக்கும் அவற்றின் சொந்த வெப் சைட்டிலேயே இலவச மாதிரித் தேர்வு உண்டு. காசு கொடுத்து வாங்கும் சி.டி., பி.டி.எப். எல்லாம் அதற்குப் பிறகுதான்.

மைக்குக்கு முன்னால்

மைக்கில் பேசுவதில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு உச்சரிப்பு பிரச்னை இல்லை. மௌனம்தான் பிரச்னை. பி.டி.இ.யில் மைக் திறந்த பிறகு 3 வினாடிக்கு மேல் பேசாமல் இருந்தால் ரெக்கார்டிங் தானாக நின்றுவிடும். அந்தக் கேள்விக்கு மறுபடி வாய்ப்பு இல்லை. எதிரில் மனிதர் இருந்தால் "ம்... யோசிச்சுச் சொல்லும்மா" என்று காத்திருப்பார். கம்ப்யூட்டர் காத்திருக்காது.

இதற்கு நான் பயன்படுத்தியது ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேர். பேச்சைப் பதிவு செய்தால் அது அலை வடிவத்தில் திரையில் தெரியும். பேசிய இடம் மேடாகவும், பேசாத இடம் தட்டையான கோடாகவும் இருக்கும். அக்கா மகள் 45 வினாடி பேசிய முதல் பதிவில் 11 இடங்களில் தட்டைக் கோடு. இரண்டு இடத்தில் 3 வினாடியைத் தாண்டியிருந்தது. "நிறுத்தாமல் பேசு" என்று நான் ஒரு வாரமாகச் சொன்னது மண்டையில் ஏறவில்லை. அந்தக் கோட்டைக் கண்ணால் பார்த்ததும் ஏறிவிட்டது.

இன்னொரு பயிற்சி. விண்டோஸ் 10, 11ல் விண்டோஸ் கீயையும் ஹெச் கீயையும் சேர்த்து அழுத்தினால் பேசுவதை டைப் செய்யும் வசதி திறக்கும். மொழியை அமெரிக்க ஆங்கிலம் அல்லது பிரிட்டிஷ் ஆங்கிலம் என்று வைத்துக்கொண்டு பேசிப் பாருங்கள். நாம் 'ஷீட்' என்று சொன்னதாக நினைத்திருப்போம், திரையில் 'சீட்' என்று விழும். ஒரே வார்த்தை மூன்று முறையும் தப்பாக விழுந்தால் அதைக் கவனிக்க வேண்டும் என்று அர்த்தம். ஆனால் இதை மதிப்பெண் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தேர்வில் மதிப்பிடுவது வேறு சாப்ட்வேர். நம் தமிழ் உச்சரிப்பு சாயலுக்காக யாரும் மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை. சொன்னது புரிந்ததா என்பதுதான் கேள்வி. வெள்ளைக்காரரைப் போல நாக்கைச் சுழற்றும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

கம்ப்யூட்டர் எப்படிக் கட்டுரைக்கு மார்க் போடும் என்று அக்கா கேட்டாள். இது புதிதல்ல. 1966லேயே எல்லிஸ் பேஜ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் கம்ப்யூட்டரால் கட்டுரைகளுக்கு மதிப்பெண் போட முடியும் என்று எழுதினார். அந்தக் காலத்தில் கட்டுரையைப் பஞ்ச் கார்டில் ஏற்றித்தான் உள்ளே கொடுக்க முடியும். 1999ல் இ.டி.எஸ். நிறுவனத்தின் 'இ-ரேட்டர்' சாப்ட்வேர், எம்.பி.ஏ. சேருவோர் எழுதும் ஜிமேட் தேர்வுக் கட்டுரைகளை ஒரு மனிதரோடு சேர்ந்து மதிப்பிடத் தொடங்கியது. டோஃபல் பேச்சுப் பகுதிக்கு 2019ல் இருந்து 'ஸ்பீச்ரேட்டர்' என்ற சாப்ட்வேரும் மனிதர்களோடு சேர்ந்து மார்க் போட ஆரம்பித்தது. பேச்சின் வேகம், இடைவெளி, உச்சரிப்பு, சொற்கள் போன்றவற்றை அது அளக்கிறது. அலை வடிவத்தில் நாம் பார்த்த தட்டைக் கோட்டை அதுவும் பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 20 நிமிடம்

இப்போது என் வீட்டில் நடந்ததற்கு வருகிறேன். டைப்பிங், மைக் எல்லாம் தயார். வீட்டில் எழுதும் தேர்வுகளின் விதிகள் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். அறையில் தனியாக இருக்க வேண்டும். காது தெரிய வேண்டும். பேப்பர், செல்போன் கையில் கூடாது. எங்கள் தேர்வுக்கு ஹெட்போனும் கூடாது, ஸ்பீக்கர்தான். ஒரே மானிட்டர்தான் இருக்க வேண்டும். நான் ஆசையாக வாங்கிய ஹெட்போனும் இரண்டாவது மானிட்டரும் அன்றைக்கு வேண்டாத பொருட்கள். இரண்டையும் எடுத்துவிட்டேன். கேமராவைச் சுற்றிக் காட்டி, அறையைச் சோதனை செய்து, தேர்வு தொடங்கியது. நான் வாசலில் காவல்.

பன்னிரண்டாவது நிமிடம் திரையில் ஒரு எச்சரிக்கை. நான் நண்பர்களின் கம்ப்யூட்டரைச் சரிசெய்ய ஒரு ரிமோட் சாப்ட்வேர் வைத்திருக்கிறேன். அதை மூடிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். விண்டோவை மட்டும்தான் மூடியிருக்கிறேன். அது சர்வீஸாகப் பின்னால் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. வெளியிலிருந்து யாராவது உள்ளே வரக்கூடிய கதவு அது. கண்காணிப்பாளர் சாட்டில் கேட்டார், அக்கா மகள் பதறிப்போய் ஏதோ பதில் அடித்தாள், அதை மூடச் சொன்னார்கள், மூடினாள். மறுபடி தொடங்கியது. அதோடு போயிருக்கும். பின்பக்கக் கதவை நான் மறந்துவிட்டேன்.

என் அம்மா அந்த வழியாக வந்து, "பாப்பா, காலையிலிருந்து ஒண்ணும் சாப்பிடல, இந்தா பால்" என்று டம்ளரை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

தேர்வு ரத்து. பணம் திரும்ப வராது. ஈமெயிலில் முறையிட்டோம், விதியைச் சுட்டிக்காட்டிப் பதில் வந்தது. அவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை, விதி முன்பே எழுதித்தான் இருந்தது. அக்கா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

வீட்டில் எழுதப் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் இருந்து சில வார்த்தை. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று கீயையும் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ஸ்டார்ட்அப் பகுதியில் என்னென்ன தானாக ஓடுகின்றன என்று பாருங்கள். ரிமோட் சாப்ட்வேர், திரையைப் பதிவு செய்யும் சாப்ட்வேர் எதுவாக இருந்தாலும் மூடினால் போதாது, அன்இன்ஸ்டால் செய்துவிடுங்கள். தேர்வு முடிந்ததும் மறுபடி போட்டுக்கொள்ளலாம். ஆபீஸ் லேப்டாப் வேண்டவே வேண்டாம், அதில் என்ன ஓடுகிறது என்று உங்களுக்கே தெரியாது. யு.பி.எஸ். இருந்தால் கம்ப்யூட்டருக்கு மட்டும் கொடுக்காதீர்கள். மோடத்தை மறந்துவிட்டு "கரண்ட் போனாலும் கம்ப்யூட்டர் ஓடுதே, நெட் ஏன் வரலை?" என்று கேட்டவர்கள் உண்டு. மாதாந்திர மின் பராமரிப்பு உங்கள் பகுதிக்கு எந்த நாள் என்று மின்வாரிய அறிவிப்பைப் பார்த்துவிட்டுத் தேதியைத் தேர்ந்தெடுங்கள். வீட்டில் உள்ள ஒவ்வொருவரிடமும், முக்கியமாகப் பாசக்காரப் பாட்டியிடம், தனித்தனியாகச் சொல்லுங்கள். எல்லாக் கதவையும் உள்பக்கம் தாழ் போடுங்கள்.

என்னைக் கேட்டால், அக்கம்பக்கத்தில் மையம் இருந்து, பணமும் நாளும் குறைவாக இருந்தால், மையத்துக்கே போய்விடுங்கள். அங்கே கரண்ட் போனால் அது அவர்கள் தலைவலி.

ஏன் இத்தனை கெடுபிடி?

டம்ளர் பாலுக்கு ஒரு தேர்வையே ரத்து செய்ய வேண்டுமா என்று எனக்கும் தோன்றியது. ஆனால் 2014ல் இங்கிலாந்தில் நடந்தது நினைவுக்கு வந்தது. விசாவுக்கான 'டோயிக்' ஆங்கிலத் தேர்வில் ஆள்மாறாட்டம் நடப்பதை அந்த ஆண்டு பிப்ரவரியில் பி.பி.சி.யின் பனோரமா நிகழ்ச்சி ரகசியக் கேமராவில் பதிவு செய்து காட்டியது. அதன் பிறகு இ.டி.எஸ்., 2011 முதல் 2014 வரை பிரிட்டனில் நடந்த சுமார் 58 ஆயிரம் தேர்வுகளின் குரல் பதிவுகளைச் சோதித்தது. ஒரே குரல் பல பெயர்களில் பேசியிருக்கிறதா என்று குரலை அடையாளம் காணும் சாப்ட்வேர் பார்த்தது, பிறகு ஆட்கள் கேட்டார்கள். 97 சதவீதம் சந்தேகத்துக்குரியவை என்று முடிவு வந்தது. ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் விசா பறிபோனது. நம் நாட்டு மாணவர்களும் அதில் உண்டு.

மோசடி நடந்தது உண்மை. ஆனால் ஒழுங்காக எழுதியவர்களும் மாட்டிக்கொண்டிருக்கலாம் என்று 2019ல் பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகமே சொன்னது. ஆயிரக்கணக்கானோர் மேல்முறையீட்டில் வென்றார்கள். அதற்குள் படிப்பும் பணமும் வருடங்களும் போயிருந்தன.

அதனால்தான் இரண்டு விஷயத்தை அழுத்திச் சொல்வேன். தேர்வுக்குப் பதிவு செய்ததிலிருந்து ரிசல்ட் வரை எல்லா ஈமெயில்களையும், ரசீதுகளையும் ஒரு போல்டரில் சேமித்து, அதன் காப்பியை வேறு இடத்திலும் வையுங்கள். "மார்க் வாங்கித் தருகிறேன்" என்று சொல்லும் ஏஜென்டிடம் உங்கள் லாக்-இன் பாஸ்வேர்டைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

பணம் கட்டும் முன்

எந்தத் தேர்வை எங்கே ஏற்றுக்கொள்கிறார்கள் என்பது மாறிக்கொண்டே இருக்கிறது. பல்கலைக்கழகம் ஏற்பது வேறு, விசா அலுவலகம் ஏற்பது வேறு. ஆஸ்திரேலியா 2023 ஜூலை முதல் 2024 மே வரை எழுதிய டோஃபலை விசாவுக்கு ஏற்கவில்லை. பிறகு மீண்டும் ஏற்றது. அந்த நாட்டு விசாவுக்கு வீட்டில் எழுதும் தேர்வுகள் செல்லாது. கனடாவில் எஸ்.டி.எஸ். என்ற வேக விசா வழி 2024 நவம்பரில் மூடப்பட்டது. பக்கத்து வீட்டுப் பையன் இரண்டு வருடத்துக்கு முன் எழுதியதை வைத்து முடிவு செய்யாதீர்கள். சேரப்போகும் பல்கலைக்கழகத்தின் வெப் சைட், அந்த நாட்டு அரசின் விசா வெப் சைட் இரண்டையும் பார்த்து, அந்தப் பக்கங்களைத் தேதியோடு பிரிண்ட் எடுத்து வையுங்கள்.

தேர்வுகளும் மாறுகின்றன. டோஃபல் 2026 ஜனவரியில் இருந்து 1 முதல் 6 வரையிலான புதிய மதிப்பெண் முறைக்கு மாறியிருக்கிறது. பழைய 120 கணக்கிற்கு இணையான மதிப்பெண்ணையும் இரண்டு ஆண்டுகளுக்குச் சேர்த்தே தருகிறார்கள். படித்தல், கேட்டல் பகுதிகளில் நீங்கள் எப்படி விடை எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்து அடுத்த கட்டக் கேள்விகள் கடினமாகவோ எளிதாகவோ வரும். 2023ல் அச்சடித்த கைடு புத்தகத்தை அண்ணனிடமிருந்து வாங்கிப் படிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ரிசல்ட் பொதுவாக இரண்டு வருடம்தான் செல்லும் என்பதால் மிகவும் முன்கூட்டியே எழுதுவதிலும் பயனில்லை.

சென்னையில் இரண்டாம் முறை

பல்கலைக்கழகம் கொடுத்த தேதிக்கு 19 நாள் இருந்தது. பி.டி.இ.யும் அங்கே செல்லும் என்பதால் சென்னையில் ஒரு மையத்தில் பதிவு செய்தோம். பணத்தை நான் கட்டினேன். அக்கா மறுத்தாள், ரிமோட் சாப்ட்வேர் என்னுடையது என்று சொன்ன பிறகு விட்டுவிட்டாள்.

மையத்தில் ஒரு புதுப் பிரச்னை உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒரே ஹாலில் பலர் ஒரே நேரத்தில் மைக்கில் பேசுவார்கள். என் அமைதியான அறையில் பழகியவளுக்கு அது ஆகாது. எனவே கடைசிப் பத்து நாள், கூடத்தில் டி.வி. செய்திகளைச் சத்தமாக வைத்து, அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசச் சொன்னேன். அம்மா வேண்டுமென்றே குறுக்கே நடந்தார். மைக்கை வாய்க்கு நேராக வைத்தால் மூச்சுக்காற்று 'புஸ் புஸ்' என்று பதிவாகிறது என்பதை ஆடாசிட்டியில் பார்த்து, கன்னத்துப் பக்கம் சற்றுத் தள்ளி வைக்கப் பழகினாள்.

தேர்வு முடிந்து வெளியே வந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "பக்கத்துல ஒரு அண்ணா கத்துனாரு மாமா, நம்ம வீட்டு டி.வி. அளவுக்கு இல்ல." கட்டுரையை முடித்துத் திருத்த 6 நிமிடம் மிச்சம் இருந்ததாம். அவளுக்குத் தேவைப்பட்டது 63. கடைசித் தேதிக்கு ஒன்பது நாள் முன்பு ரிசல்ட் வந்தது, 68. எழுத்துப் பகுதியில்தான் மற்றதைவிட அதிகம். அதைக் கேட்டதும் அக்கா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள்.

இரண்டாவது மானிட்டரை மறுபடி மாட்டிவிட்டேன். ரிமோட் சாப்ட்வேரையும் போட்டாகிவிட்டது. அம்மா மட்டும் இப்போதும் காபியோடு கதவுக்கு வெளியே நின்று, "உள்ள பரீட்சை ஏதும் இல்லையே?" என்று கேட்டுவிட்டுத்தான் வருகிறார்.